ஆய்வும் கடனும்

மருத்துவம் யாரைக் கொண்டு நடைபெறுகிறது என்று எண்ணிப் பார்த்த திருவள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் அதற்கு நான்கு உறுப்புகள் கூறினார். நோயுற்றவனை முதலில் வைத்தார். மருத்துவனை அவனுக்குப் பின்னரே வைத்தார். இவ்வரிசையை மனப்பாடம் செய்யும் மாணவர் பலர். நோயுற்றவன் ஏன் முதலில் நிற்கிறான் என்று கேட்பவர் சிலர். ஆய்வுக்கூடங்கள் பெருகிவிட்ட காலத்தில் அக்கேள்விக்குப் புதியதொரு கூர்மை உண்டாகியுள்ளது. நோயைப் பற்றிய அறிவு வானத்திலிருந்து இறங்கி வருவதன்று. யாரோ ஒருவருடைய குருதியிலிருந்து எடுக்கப்படுவது. எடுத்தவர் கொடுத்தவர்க்கு என்ன கடன்பட்டிருக்கிறார்?

மலாயா மண்ணுக்கு இக்கேள்வி புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி நோய் சீனத் தொழிலாளரை வாட்டியது. தோட்டத்துத் தமிழரிடையே அரிதாகவே காணப்பட்டது. தமிழர் உண்ட புழுங்கலரிசியே அதற்குக் காரணம் என்று சிலர் ஐயுற்றனர். அதனைச் சோதித்தறிய விரும்பிய வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர், 1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினர்க்குத் தீட்டிய வெள்ளரிசி, மற்றவர்க்குப் புழுங்கலரிசி. வெள்ளரிசி உண்டவருள் பலர் நோயுற்றனர், மாண்டவரும் உண்டு. உயிர்ச்சத்தைப் பற்றிய அறிவு வளர்வதற்கு அச்சோதனை ஒரு படியாயிற்று. மாண்டவரிடம் யாரும் இசைவு கேட்கவில்லை. சொன்னாலும் விளங்கிக் கொள்ள இயலாதவரிடம் கேட்பானேன் என்னும் வாதம் ஆய்வுலகில் நெடுநாள் செல்வாக்குப் பெற்றிருந்தது. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர்ச் சென்னையிலும் அது தலைகாட்டியது.

எய்ட்ஸ் நோய் 1981இல் அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1983இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மோன்டாஞ்சியே ஆகியோரின் குழுவினர் அதற்குக் காரணமான நச்சுயிரியைப் பிரித்தெடுத்தனர், எச்.ஐ.வி. என்னும் பெயர் பின்னர் வந்தது. இந்தியாவிலோ, அது ஒழுக்கங்கெட்ட அயல்நாட்டாரின் நோய், இங்கு வாராது என்னும் இறுமாப்பு கற்றவரிடையேயும் நிலவியது. நச்சுயிரி ஒழுக்க நூல் படித்துவிட்டா வருகிறது? சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக விளங்கிய சுனிதி சாலமன் அந்த இறுமாப்பை நம்பவில்லை. மராத்தியக் குடும்பத்தில் தோன்றிச் சென்னையில் வளர்ந்த அவர், வெளிநாடுகளில் பயிற்சி பெற்று 1970களில் திரும்பியவர். முதுநிலை மாணவியாகிய செல்லப்பன் நிர்மலாவிடம், தமிழ்நாட்டில் இந்நோய் உண்டா என்று தேடுவதையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளுமாறு கூறினார்.

சிற்றூர்ச் சூழலில் வளர்ந்த நிர்மலா முதலில் தயங்கினார், கணவரே ஊக்கப்படுத்தினார். சில மாதங்களில் இருநூறு பேரளவில் குருதி எடுத்தார். அவர்களுள் பாலியல் தொழிலில் சிக்கிக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களும் இருந்தனர். கையுறை இல்லை. எடுத்தவற்றை வைப்பதற்குத் தம் வீட்டுக் குளிர்பெட்டியைத் தவிர வேறிடமும் இல்லை. 1986 பிப்ரவரியில் கணவரும் மனைவியும் அவற்றை ஏந்திக்கொண்டு இரவு இரயிலில் வேலூருக்குச் சென்றனர். அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜான் என்னும் நச்சுயிரியல் வல்லுநரின் ஆய்வுக்கூடத்தில் எலைசா என்னும் சோதனை நடைபெற்றது. நச்சுயிரியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் குருதியில் இருந்தால் கரைசல் மஞ்சள் நிறமாகும். ஆறு குழிகள் மஞ்சளாயின. மீண்டும் செய்து பார்த்தனர், மீண்டும் மஞ்சள். அமெரிக்காவுக்கு அனுப்பிய குருதியும் அம்முடிவையே உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு மே மாதத்தில் நலத்துறை அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். எச்.ஐ.வி. இந்தியாவிலும் உண்டு என்பதற்கு அதுவே முதற்சான்று.

நிர்மலாவின் வெறுங்கை மலாக்கா மாநிலத்தாருக்குச் சற்றுத் தயங்கி எண்ணத்தக்க செய்தி. 1987ஆம் ஆண்டளவில் அமெரிக்க நலத்துறையினர் எல்லாருடைய குருதியையும் தொற்றுடையதாகவே கருதிக் கையாளுமாறு விதித்தபின், உலகெங்கும் மருத்துவமனைகள் கையுறைக்கு அலைந்தன. அதனால் மலேசியாவில் கையுறைத் தொழிற்சாலைகள் பெருகின. டான் சாய் யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வாணிகப் பயிராக நட்ட நாள் முதல் தோட்டத்தில் உறைந்து வந்த பால், மருத்துவரின் விரல்களுக்குக் கவசமாயிற்று. அப்பாலை இருள் பிரியுமுன் எழுந்து சீவியவர்களின் மக்களும் பேரரும் இன்று பாச்சாங் முதலிய பட்டணத்துப் புறநகர்களில் வாழ்கின்றனர். தம் உழைப்பு யாருடைய கையைக் காத்தது என்று பால் சீவியவர்க்கு எவரும் சொன்னதில்லை. அறியாமல் கொடுத்தவர்களின் வரிசை நீளமானது.

காப்பகத்துப் பெண்களும் அறியாமலேயே கொடுத்தனர். எதற்காகக் குருதி எடுக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தாலும் விளங்கியிராது என்று கருதப்பட்டது. பேரிடரை முன்னறிவித்த ஆய்வு அது. அதனால் காக்கப்பட்ட உயிர்கள் எண்ணற்றவை. ஆகவே கேளாமல் எடுத்ததில் குற்றமில்லை என்று வாதிடுவோர் உளர். அவ்வாதம் பாதி உண்மை. ஆய்வு தேவையானது என்பதில் ஐயமில்லை. வசதியற்ற நிலையில் அதனைச் செய்து முடித்த இரு பெண்மணிகளின் துணிவும் போற்றத்தக்கது. ஆனால் பயன் பெரிது என்பதனால் கடன் தீர்ந்துவிடாது. விதை நெல்லைக் கேளாமல் எடுத்தவன், விளைச்சல் நூறு மடங்கு என்று காட்டினாலும், நெல்லுக்குரியவனிடம் அதைச் சொல்லியாக வேண்டும்.

கொடுத்தவர்க்கு முதலில் கிடைத்தது என்ன? சிறை. நச்சுயிரி இருப்பதாகத் தெரிந்த பெண்கள், தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் காப்பகத்திலேயே வைக்கப்பட்டனர். மருந்தும் இல்லை, வெளியுலகும் இல்லை. சியாமளா நடராஜ் என்னும் இதழாளர் வழக்குத் தொடுத்தார். 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவிக்க ஆணையிட்டது. அவர்களுடைய குருதியிலிருந்து பிறந்த அறிவு, சுற்றி வந்து அவர்களையே பூட்டியது. அறிவு தன்னளவில் நல்லது என்று கூறுவோர் இப்பகுதியை இருமுறை படித்தல் நன்று.

சுனிதி சாலமனின் பெருமை 1986இல் முடிந்துவிடவில்லை என்பதே அவரைப் பற்றிச் சொல்லத்தக்க முதன்மையான செய்தி. பெயர் வாங்கித் தரும் கண்டுபிடிப்பு ஒன்று கிட்டியபின் அடுத்த பொருளுக்குத் தாவுவது ஆய்வாளர்க்கு இயல்பு. அவரோ அங்கேயே நின்றார். மருத்துவமனைகள் இந்நோயாளரைத் தொட மறுத்த காலத்தில், 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிலையத்தைத் தொடங்கினார். அது தம் தந்தையாரின் பெயரால் அமைத்தது. அந்நிலையத்தின் சோதனை முறை கருதத்தக்கது. முதலில் பேச்சு, பிறகே ஊசி. எதற்குச் சோதனை, முடிவு எவ்வாறாயினும் அடுத்து என்ன என்பதையெல்லாம் விளக்கி, இசைவு பெற்ற பின்னரே குருதி எடுக்கப்பட்டது. 1986இல் எது விடுபட்டதோ, அதுவே 1993இல் முதல் விதியாயிற்று. கடனை இதைவிட நேராக அடைக்க இயலுமா? நோயாளர்க்குள்ளேயே வரன் பார்த்துத் திருமணம் முடித்து வைக்கும் வேலையையும் அவர் மேற்கொண்டார். நுண்ணுயிரியல் பேராசிரியர் தரகர் வேலை பார்த்தது வேறெங்கும் கேள்விப்படாதது!

இசைவு பெற்றால் மட்டும் போதாது. மருந்தும் கைக்கு எட்ட வேண்டும். சிடோவுடின் என்னும் முதல் மருந்தின் வரலாறு விசித்திரமானது. ஜெரோம் ஹார்விட்ஸ் என்பவர் 1964இல் புற்றுநோய்க்காக அதனை உண்டாக்கினார், பயன் காணாமல் கைவிட்டார், காப்புரிமையும் பெறவில்லை. இருபதாண்டு கழித்து அது நச்சுயிரியின் பெருக்கத்தைத் தடுப்பதை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார் காட்டினர். 1987இல் அது விற்பனைக்கு வந்தபோது ஓராண்டுச் செலவு ஏறத்தாழப் பத்தாயிரம் அமெரிக்க வெள்ளி. உண்டாக்கியவர்க்கு ஒரு காசும் இல்லை. நோயுற்ற ஏழைக்கு மருந்தும் இல்லை. மும்மருந்துக் கூட்டுச் சிகிச்சை 1996இல் வந்து, சாவை எதிர்நோக்கியிருந்தோரை எழுந்து நடக்கச் செய்தது. விலை மட்டும் இறங்கவில்லை. 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுப் ஹமீது, அக்கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 அமெரிக்க வெள்ளிக்குத் தர முன்வந்தார். மருந்தின் இயல்பான விலை எது என்பது அன்று உலகுக்குத் தெரிந்துபோயிற்று. 2003இல் மலேசிய அரசாங்கம், காப்புரிமைச் சட்டத்தில் தனக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி, சிப்லாவின் மருந்துகளை அரசாங்க மருத்துவமனைகளுக்கு வரவழைத்தது. அதன் பயனாகச் சிகிச்சைச் செலவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

மருந்து நோயாளியைக் காப்பதோடு அவருடைய துணைவரையும் காக்குமா என்று அறிய, ஒன்பது நாடுகளில் 1,763 இணையரைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. ஒருவர்க்குத் தொற்று உண்டு, மற்றவர்க்கு இல்லை. சென்னை நிலையமும் அதில் பங்கு பெற்றது. ஒரு பிரிவினர்க்கு உடனே மருந்து. மற்றவர்க்கு உடல்நிலை தளர்ந்த பின்னர். இருபிரிவு என்றதும் பிளெட்சரின் வெள்ளரிசி நினைவுக்கு வருதல் இயல்பே. ஆனால் இங்கு ஒவ்வொருவரும் அறிந்து இசைந்தவர். தொற்றுப் பரவுதல் 96 விழுக்காடு குறைகிறது என்று 2011இல் தெரிந்தவுடன், ஆய்வு முடியும் வரை காத்திராமல், மருந்து பெறாதிருந்த பிரிவினர்க்கும் அது அளிக்கப்பட்டது.

சுனிதி சாலமன் 2015 ஜூலை 28ஆம் நாள் மறைந்தார். 2017இல் பத்மஸ்ரீ விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. நிர்மலா தம் ஆய்வேட்டை 1987இல் அளித்துவிட்டு அமைதியாக வேறு பணிக்குச் சென்றார். அவரை உலகம் நினைவுகூர முப்பது ஆண்டு பிடித்தது. அந்த ஆறு பெண்களின் பெயர் எந்த ஆய்வேட்டிலும் இல்லை; இருத்தலும் தகாது.

மலேசிய அரசாங்க மருந்தகங்களில் கருவுற்ற தாய்மார்க்கு எச்.ஐ.வி. சோதனை செய்யும் திட்டம் 1998இல் நாடளாவியதாயிற்று. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அச்சான்றைப் பெற்ற முதல் நாடு அது. மலாக்கா மாநிலத்து மருந்தகம் ஒன்றில் முதற்குழந்தையைச் சுமந்தபடி ஒரு தமிழ்ப்பெண் கையை நீட்டுகிறாள். தாதி சிறு குழாயில் குருதியை நிரப்புகிறார். எதற்கு இது என்று அவளுக்கு அவளுடைய மொழியில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். வெளியே வரிசையில் இன்னும் இருபது பேர் காத்திருக்கின்றனர்.