நோவும் பதிவேடும்

பிறர் நோவை நாம் அறிதல் கூடுமா என்பது மெய்யியலாளரின் பழைய வினா. ஆண்டுக்கணக்கில் தீராத முதுகுநோவுடன் வருபவருக்கு அபின்சார்ந்த மருந்தைத் தொடர்ந்து வழங்கலாமா எனத் தீர்மானிக்கும் வைத்தியருக்கோ அது அன்றாட வினா. நோவுக்குப் பூச்சியம் முதல் பத்துவரை ஓர் எண் இடுமாறு அவர் கேட்கிறார், சொன்னதை எழுதுகிறார். அவ்வெழுத்து யாருக்காக?

இவ்விடயத்தில் ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் கசப்பானது. 1980 இல் போட்டர், ஜிக் என்னும் இருவர் ஒரு மருத்துவ சஞ்சிகைக்கு ஐந்தே வாக்கியங்களில் கடிதம் எழுதினர். மருத்துவமனைகளில் இத்தகைய மருந்து பெற்றோர் 11,882 பேர். முன்பு அப்பழக்கம் இல்லாதிருந்து பின் அடிமையானோராகத் தக்கவாறு பதிவானவர் நால்வரே என்றது அது. கடிதத்திற் பொய் இல்லை. ஆயின் அது எண்ணியது பதிவானோரை. அதுவும் மருத்துவமனையில் இருந்தோரை. பின்வந்தோர் இதனை மறந்தனர். எழுதப்படாதது நிகழாதது எனக் கொள்ளப்பட்டது. 1996 இல் ஒக்சிகொன்ரின் விற்பனைக்கு வந்தது. நெடுநாள் நோவுக்கும் இம்மருந்துகள் தீங்கற்றவை என்பதற்கு அக்கடிதம் ஓயாது சான்றுகாட்டப்பட்டது. விளைந்த சாவுகளை உலகறியும்.

இதன் மறுதலையும் நிகழ்ந்தது. 2016 இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம், நாளொன்றுக்கு 90 மில்லிகிராம் மோர்பீனுக்கு ஈடான அளவை எட்டாதிருக்குமாறு, அன்றேல் தக்க காரணம் காட்டுமாறு, அறிவுரை கூறியது. அறிவுரை சட்டம்போலாயிற்று. அம்மருந்தின் துணையால் நடமாடி வேலைசெய்தோருக்கும் அது சடுதியாகக் குறைக்கப்பட்டது. அவ்வாறு செய்வது தற்கொலைக்கும் இட்டுச்செல்லலாம் என 2019 இல் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரிக்க நேர்ந்தது. 2022 இல் அறிவுரை திருத்தப்பட்டது.

முன்னையது நோயாளியை மிகையாக நம்பியதன் பிழை, பின்னையது நம்பாமையின் பிழை என்பாருளர். எனக்கு அது உடன்பாடன்று. ஈரிடத்தும் எண் பேசிற்று. ஆளைக் கேட்டார் இலர்.

பதிவே வேண்டா என்பதன்று என் கருத்து. 'நோவு ஏழு' என்னும் குறிப்பிலிருந்து ஒருவர் படியேறுகிறாரா, உறங்குகிறாரா, தம் பிள்ளையைத் தூக்குகிறாரா என்பது தெரியவராது. மருந்துக்கு முன் இயலாதிருந்தது எது, இன்று இயல்வது எது என எழுதிய வைத்தியர், அடுத்த முறையும் அம்மனிதரிடம் அதனையே கேட்கக் கடமைப்படுகிறார். சிறுநீர்ப் பரிசோதனை, உடன்படிக்கையிற் கையொப்பம் என்பன மட்டும் நிறைந்த ஏடோ வழக்கு வரின் வைத்தியரைக் காக்கும். அவையும் தேவையே, அவற்றால் உயிர் பிழைத்தோரும் இருக்கலாம். ஆயினும் பரிசோதனைக் குப்பியைக் கையில் வாங்கும்போது நோயாளி தாம் ஐயுறப்படுவதை உணர்கிறார். உணர்ந்தவர் மறுமுறை எண்ணைக் கூட்டியோ குறைத்தோ சொல்லத் தலைப்படுவார். அவ்வெண்ணும் ஏட்டில் ஏறும்.