மலை சுற்றாத பௌர்ணமிகள்

2020 நவம்பர் 29 மாலை, திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபம் ஏறியது. கீழே, மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதையில் அன்று இருந்திருக்க வேண்டிய ஜனக்கடல் இல்லை. பங்குனிப் பௌர்ணமியில் தடைபட்ட கிரிவலம் கார்த்திகை வந்தும் தொடங்கவில்லை. வெளியூர்க்காரர்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு எதிரே நின்று கைகூப்பினார்கள். கண்ணுக்குத் தரிசனம் கிடைத்தது. காதுக்கு ‘அரோகரா’ கேட்டது. காலுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

இறைவனை வணங்க உடம்பு நடந்துதான் ஆக வேண்டுமா? கொரோனா வருவதற்கு முன்னால் இதைப் பண்டிதர்கள் மட்டும் கேட்டிருப்பார்கள். மனம், வாக்கு, காயம் மூன்றாலும் தொழ வேண்டும் என்பது சைவர் வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரிந்த பேச்சு. அந்த இரண்டு ஆண்டுகளில் மனத்துக்கும் வாக்குக்கும் யாரும் பூட்டுப் போடவில்லை, காயத்துக்குத்தான் பூட்டு. 2020 செப்டம்பர் 1 அன்று தமிழகத்தின் பெரிய கோயில்கள் திறந்த பிறகும் கூட்டம் கூடுவதற்கு வழியில்லை. 2021 ஆகஸ்டில் மறுபடியும் வெள்ளி, சனி, ஞாயிறுகளில் நடை சாத்தினார்கள். உயிர் காக்கப் போட்ட பூட்டு அது, தேவையான பூட்டு. ஆனாலும் அது எதை உள்ளே வைத்துப் பூட்டியது என்று பார்ப்பது அவசியம்.

மாம்பழக் கதையில் இதற்கு ஒரு பதில் உண்டு. உலகைச் சுற்றி வருகிறவனுக்கே பழம் என்றதும் முருகன் மயிலேறிப் புறப்பட்டான். பிள்ளையார் அம்மையப்பனை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டார். ஊரடங்கு எல்லோரையும் பிள்ளையார் வழிக்குத் திருப்பியது: இருக்கும் இடமே உலகம், வீட்டுக்குள்ளேயே சுற்று. துளசி மாடத்தைச் சுற்றினார்கள். மொட்டை மாடியில் கோலமாவால் எட்டுப் போட்டு அதன்மேல் நடந்தார்கள். நெருங்கிய இடத்தில் எல்லாவற்றையும் காண்பதும் ஞானம்தான், அதில் குறையில்லை.

ஆனால் கதையைக் கேட்டு வளர்ந்த ஜனங்கள் தைப்பூசத்துக்கு எங்கே நடக்கிறார்கள்? பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு போனவனின் மலைக்கு. பழநிப் பாதையில் போகும் காவடிக் கூட்டத்தில், போட்டியில் தோற்றவனைத் தேடிப் போகிறோம் என்று ஒருவரும் நினைப்பதில்லை. உலகைச் சுற்றிக் களைத்த கால்கள் மேல் அவர்களுக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. பிள்ளையார் சுற்றியது அறிவுக்கு நிறைவு. முருகன் சுற்றியது உடம்புக்கு நிறைவு. தமிழ்ப் பக்தி இரண்டில் ஒன்றை விலக்கியதே இல்லை.

உடம்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு இன்னும் கனமாகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று பெருந்தொற்றை அறிவித்தது. 187 நாடுகளில் நான்கரை லட்சம் பேரின் கைபேசிகளில் பதிவான காலடிகளை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, அறிவிப்பு வந்த முப்பது நாளில் சராசரி 27 சதவீதம் சரிந்திருந்தது. அடுத்த ஆண்டு தெற்குக் கலிபோர்னியாவில் 48,440 கொரோனா நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். தொற்றுக்கு முன் தொடர்ந்து உடலசைவே இல்லாமல் இருந்தவர்கள் மருத்துவமனையில் சேர வேண்டிவரும் வாய்ப்பு, வாரம் 150 நிமிடமாவது தவறாமல் உடலை இயக்கியவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். நோயிலிருந்து காக்க வீட்டில் வைத்தோம். நோயைத் தாங்கும் வலு வீட்டிலேயே கரைந்தது.

‘வாக்கிங் போங்க’ என்று மருத்துவர் சொன்னால் நான்கு நாள் போகிறவர்கள், பழநிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு நடப்பது எப்படி? அந்த நடைக்கு ஒரு தேதி இருக்கிறது. சாமிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. மாலை போட்டவர் மழை என்று சாக்குச் சொல்ல மாட்டார். முன்னால் ஒருவர் ‘வேல் வேல்’ என்றால் பின்னால் நூறு பேர் ‘வெற்றிவேல்’ என்கிறார்கள். கால் கொப்பளித்த இடத்தில் யாரோ பந்தல் போட்டு நீர்மோர் நீட்டுகிறார்கள். குன்றக்குடியில் கூடிப் புறப்படும் நகரத்தார் காவடி பல தலைமுறைகளாக இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடப்பவர்களையும் மாதாவின் பெயரும் பக்கத்தில் வருபவரின் பேச்சுமே கொண்டு சேர்க்கின்றன. ஊரடங்கில் தேதியும் துணையும் பந்தலும் ஒரே நாளில் போயின. மிச்சமிருந்தது தனி மனிதரின் மன உறுதி. அது எவ்வளவு தூரம் வரும்?

பெண்களுக்கு இழப்பு இன்னும் கூடுதல். நம் ஊர்களில் ஒரு பெண் காரணம் சொல்லாமல் சும்மா நடந்துவிட்டு வர முடியாது. பிரதோஷம், செவ்வாய், வெள்ளி என்றால் முடியும். பிராகாரத்தை மூன்று சுற்று வந்து, நவக்கிரகத்தை ஒன்பது சுற்று வந்து, தெரிந்தவளோடு படியில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பலாம். நள்ளிரவில் பெண்கள் கூட்டமாகச் சாலையில் அச்சமின்றி நடக்கும் இடங்கள் நம்மிடம் எத்தனை? அவற்றில் பௌர்ணமி கிரிவலம் ஒன்று. கோயில் சாத்தியபோது அவர்களுக்குச் சாமியோடு சாலையும் போயிற்று. மொட்டை மாடி இருந்தவர்கள் எட்டுப் போட்டார்கள். ஒண்டுக்குடித்தனத்தில் ஆறு பேர் இருந்த வீட்டில் எட்டுப் போட இடம் ஏது? சென்னையில் அவர்களுக்கு இருந்த மெரினாவும் 2020 டிசம்பர் 14 வரை திறக்கவில்லை.

மக்காவில் வேறொரு வழி கண்டார்கள். 2019 ஹஜ்ஜுக்கு ஏறக்குறைய 25 லட்சம் பேர் வந்த இடத்தில் 2020இல் சுமார் ஆயிரம் பேரை மட்டும் அனுமதித்தார்கள். தரையில் கோடு வரைந்து, இடைவெளி விட்டு, அந்த ஆயிரம் பேரும் கஅபாவை ஏழு சுற்று சுற்றினார்கள். வர முடியாத லட்சங்களின் ஏக்கம் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் சுற்றுப்பாதை அந்த ஹஜ்ஜில் வெறிச்சோடவில்லை.

நடை எப்போதும் புண்ணியம் என்று சொல்வதும் பொய். அதே 2020 கோடையில் பேருந்தும் ரயிலும் இல்லாமல் மூட்டையும் பிள்ளையுமாய் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தவர்கள் புலம்பெயர் தொழிலாளர்கள். மே 8 அன்று அவுரங்காபாத் அருகே, நடந்து களைத்துத் தண்டவாளத்தில் கண்ணயர்ந்த 16 பேர் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். அவர்களும் வெறுங்காலோடும் பசியோடும் நடந்தார்கள். வழியில் பந்தல் இல்லை, போகலாமா நிற்கலாமா என்று முடிவெடுக்கும் உரிமையும் இல்லை. ஒரு நடை வழிபாடாவதும் வதையாவதும் தூரத்தைப் பொறுத்ததல்ல.

வணங்க உடம்பு நடந்துதான் ஆக வேண்டுமா என்ற கேள்வியோடு மிக நெருங்கி நிற்பது அப்பர் வரலாறு. கயிலையைக் காணப் புறப்பட்ட முதியவர் கால் தேயும்வரை நடந்தார், பிறகு கையால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், கடைசியில் உருண்டார். வழியில் ஒரு முனிவர், மனிதர் அடைய முடியாத இடம் அது, திரும்பிப் போ என்றார். அப்பர் திரும்ப மாட்டேன் என்றார். அங்கிருந்த பொய்கையில் மூழ்கும்படி இறைவனின் ஆணை வந்தது. எழுந்த இடம் திருவையாறு. கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது. பாதி வழியில் மறிக்கப்பட்ட யாத்திரை அது. ஊர்க்குளத்திலேயே கயிலை கிடைக்கும் என்றால் வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று ஒருவர் வாதிக்கலாம். தேய்ந்த அந்தக் கால்களை அவரிடமிருந்து பிரித்துவிட்டு அந்தக் காட்சியை எண்ணிப் பார்க்க முடியுமா? உழவாரம் பிடித்துக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர் அவர். உடம்பைச் சாமி கேட்டதால் அவர் கொடுக்கவில்லை. அவருக்கு அன்பைச் சொல்ல அதைவிட நல்ல மொழி தெரியவில்லை.

2022 சித்ரா பௌர்ணமிக்கு லட்சக்கணக்கானோர் மறுபடியும் அண்ணாமலையைச் சுற்றினார்கள். இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி, எமன், நிருதி என்று வரிசையாகக் கும்பிட்டபடி போகும் அந்தப் பாதையில், எட்டு லிங்கமும் முடிந்து கோபுரத்தடிக்குத் திரும்ப எப்படியும் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பழக்கம் விட்டுப்போன முழங்கால்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகும். உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். அங்கே அவசரப்படுத்த யாரும் இல்லை.