நம்ம ஊர்ப் பையன்கள்

பாசிசம்னா ஹிட்லர், முசோலினி, பள்ளியில் படித்த வரலாற்றுப் பாடம், அவ்வளவுதான்னு நம்மில் பலரும் நினைக்கிறோம். 2020 டிசம்பரில் சிங்கப்பூரில் 16 வயது மாணவன் ஒருவன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்துவைக்கப்பட்டான். இந்திய வம்சாவளி, கிறிஸ்துவன். 2019 மார்ச் 15ஆம் தேதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், வெள்ளை இனமே உயர்ந்தது என்று நம்பிய ஒருவன் இரண்டு பள்ளிவாசல்களில் சுட்டு 51 பேரின் உயிரைப் பறித்தான். அவன்தான் இந்தப் பையனுக்கு முன்மாதிரி. 2021இல் அதே தேதியில், வீட்டுக்கு அருகே உள்ள இரண்டு பள்ளிவாசல்களில் வெட்டுக்கத்தியோடு நுழையத் திட்டம். வீட்டில் யாருக்கும் தெரியாது.

2024 ஜனவரியில் இன்னொரு செய்தி. இவனுக்கும் 16 வயது, சீனப் பையன். தன்னை வெள்ளை இன மேலாதிக்கவாதியாகவே நினைத்துக்கொண்டவன்.

படிச்சப்போ எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டில் கண்ணாடி இல்லையாப்பா? அப்புறம்தான் உறைத்தது. தன்னையே கீழானவன் என்று சொல்லும் கொள்கையில் ஒருத்தன் போய்ச் சேர்கிறான் என்றால், அவனை இழுத்தது கொள்கையாக இருக்க முடியாது. 'நீ தோத்துப்போகல, அவங்கதான் உன் இடத்தைப் பிடுங்கிக்கிட்டாங்க' என்ற ஒரு வரிதான். தனியா இருக்கிறவனுக்கு அந்த வரி ஒரு கூட்டத்தைக் கொடுக்கிறது, ஒரு எதிரியையும் கொடுக்கிறது.

அந்த வரி நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் இல்லைன்னு சொல்ல முடியுமா?

போன தீபாவளி சமயம், தேக்கா உணவங்காடி நிலையத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தர் ஒரு வீடியோ காட்டினார். வேறு மதத்தவரைப் பூச்சிகள் மாதிரி காட்டும் வீடியோ. 'தமாஷுக்குத்தான் ப்ரோ.' சிரித்தோம், நானும்தான். எல்லா உயிரிலும் இருப்பது ஒரே ஆன்மா என்று முந்தின வாரம் வகுப்பில் பேசியதும் நான்தான். வெளியே சிராங்கூன் சாலை. வீரமாகாளியம்மன் கோயிலிலிருந்து பெருமாள் கோயிலுக்கு அந்தச் சாலையில் நடந்தால், நடுவில் அங்குலியா பள்ளிவாசலைத் தாண்டித்தான் போகணும்.

சிரிச்சவங்க யாரும் கத்தி எடுக்கப்போறதில்லை, உண்மைதான். ஆனா எட்டுப் பேரில் ஒருத்தர், நமக்குத் தெரியாமலே, தனியா இருக்கலாம். நம்ம சிரிப்பு அவருக்கு அனுமதி மாதிரி கேட்டிருக்கலாம்.

அன்னைக்கு ஒரு தம்பி மட்டும் சிரிக்கவில்லை, தே தாரிக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அருவருப்பிலா, இல்லை அதை நிஜமென்று எடுத்துக்கொண்டானா? நான் இன்னும் கேட்கவில்லை. இந்த சனிக்கிழமை அவனைக் கூப்பிட்டிருக்கேன், அதே கடைக்கு.