வண்டிக்கு எண்ணெய், வழிக்கு எல்லை

தருமபுரியில் அலுவல் நிமித்தமாகவும் வாணிகம் நிமித்தமாகவும் வாழும் நம் குடும்பங்கள் சில, பழைய டீசல் வேன் ஒன்றைக் கூட்டாக வைத்துள்ளன. முதியோரைத் திருமலைக்கும் மேல்சித்தாமூருக்கும் தரிசனத்திற்கு அழைத்துச் செல்வதே அதன் முதற்பணி. தகடூருக்கும் திருமலைக்கும் உள்ள தொடர்பு பழமையானது. முன்னோனாகிய எழினி திருமலையில் எழுந்தருளுவித்த இயக்கன், இயக்கி படிமங்களை அதிகமான் மரபினனாகிய விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அவ்வழியே செல்லும் நம் வேனைப் பற்றி இளைஞர் சிலர் ஒரு வினா எழுப்பினர். டீசலை விடுத்துத் தாவர எண்ணெயில் அதனை ஓட்டினால் ஹிம்சை குறையும் அல்லவா என்பதே அவ்வினா. எளிய வினாவாகத் தோன்றினும், விடை அத்துணை எளிதன்று.

தாவர எண்ணெயில் எந்திரம் ஓடுவது புதுமையன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியிலேயே சிறு டீசல் எந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. நம் நாட்டிலும் 2002 டிசம்பர் 31ஆம் நாள், தில்லி-அமிர்தசரஸ் சதாப்தி விரைவு ரயில் 5 விழுக்காடு பயோடீசல் கலந்த எரிபொருளில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த உடுப்பி சீனிவாசா, கருநாடகச் சிற்றூர்களில் புங்க எண்ணெயைக் கொண்டு டீசல் எந்திரங்களை இயக்கிக் காட்டினார்.

ஆயினும் எண்ணெயை அப்படியே தொட்டியில் ஊற்றுதல் தகாது. தாவர எண்ணெயின் பாகுத்தன்மை டீசலைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு. 70, 80 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினாலன்றி அது நுண்துளைகளின் வழியே செவ்வனே சிதறாது. கரி படிந்து எந்திரம் கெடும். எனவே இரண்டாவது தொட்டி அமைத்து, டீசலில் கிளப்பி, சூடேறியபின் எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் டீசலுக்குத் திரும்புதல் வேண்டும். மற்றொரு வழி, மெத்தனாலும் காரமும் சேர்த்து எண்ணெயைப் பயோடீசலாக மாற்றி, கிளிசரினைப் பிரித்தெடுப்பது. பயோடீசலில் புகைக்கரி குறையும். ஆனால் பழைய தொட்டியின் படிவுகளை அது கரைத்து வடிகட்டியை அடைத்துவிடும். இயற்கை ரப்பர்க் குழாய்களையும் அரிக்கும். மெத்தனாலோ கொடிய நஞ்சு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அது கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதனை வீட்டுக் கொல்லையில் வைத்துக் கையாளுதல் ஹிம்சையைக் குறைக்கும் வழியாகாது. வண்டியின் எரிபொருள் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி முன் அனுமதியும் வேண்டும்.

இனி அறத்தின் பக்கம் வருவோம். தாவர எண்ணெய் என்ற பெயராலேயே அது அஹிம்சை ஆகிவிடுமா? தீயில் எரிவது எதுவாயினும் தேயுகாயிக, வாயுகாயிக உயிர்களுக்கு ஊறு நேர்கிறது. இல்லறத்தார் ஆரம்ப ஹிம்சையை முற்றும் நீக்க இயலாது, குறைத்தல் இயலும். ஆகவே எரிபொருளின் பெயரைக் காட்டிலும் அது வந்த வழியையே நாம் ஆராய வேண்டும்.

லேசியைகளை விளக்க நம் ஆசாரியர்கள் கூறும் நாவல் மரக் கதையைச் சிறுவரும் அறிவர். பசித்த அறுவரில் ஒருவன் மரத்தை வேரோடு வெட்ட எண்ணினான்; ஒருவன் பெருங்கிளையை, ஒருவன் சிறுகிளையை, ஒருவன் கொத்தை, ஒருவன் பழத்தை மட்டும் பறிக்க எண்ணினான். கீழே உதிர்ந்த பழமே போதும் என்றவன் சுக்கில லேசியை உடையவன். சாலையோரப் புங்கமரத்தின் அடியில் உதிர்ந்து கிடக்கும் காய்களைப் பொறுக்கி ஆட்டிய எண்ணெய் இந்த ஆறாமவன் எடுத்த பழத்தை ஒக்கும். அது உண்ணத் தகாத எண்ணெயாதலால் எவருடைய உணவும் குறையவில்லை. அதே எண்ணெய்க்காக மேய்ச்சல் நிலத்தை வளைத்துத் தோட்டம் போட்டால் நாம் முதலாமவனை நோக்கி நகர்ந்தவராவோம். 2000க்குப் பின் தமிழகத்தில் காட்டாமணக்கைப் பெரிதும் நம்பிப் பயிரிட்ட உழவர் பலர், எதிர்பார்த்த விளைச்சல் இன்றி அதனைக் கைவிட நேர்ந்தது. 2017க்குள் 20 விழுக்காடு கலப்பு என்று 2009இல் வகுத்த தேசியக் கொள்கையின் இலக்கு எட்டப்படவில்லை. 2018இல் வந்த புதிய கொள்கை, பயோடீசலுக்கு 2030க்குள் 5 விழுக்காடு என்ற அளவில் நின்றது. உதிர்ந்தது கொஞ்சம், வேண்டுவது மிகுதி என்பதே இதன் பாடம்.

உணவகங்களில் பொரித்து எஞ்சிய எண்ணெயை வாங்கலாமே என்பர் சிலர். அவ்வெண்ணெய் மீண்டும் சட்டியில் ஏறாமல் தடுப்பது நன்றே. உணவுப் பாதுகாப்புத் துறையும் 2018 முதல் அதனைப் பயோடீசலுக்குத் திருப்ப முயல்கிறது. ஆனால் புலால் பொரித்த எண்ணெய்க்கு நாம் விலை கொடுத்தால், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றனுள் கடைசியது நம்மைத் தொடாதோ? தொடும் என்றே நாம் கருதுகிறோம். நம் இல்லங்களிலும் ஆலய அன்னதானக் கூடங்களிலும் எஞ்சுவதைத் தருவதும் பெறுவதும் அக்குற்றம் அற்றவை.

அது எவ்வளவு தேறும்? ஒரு வீட்டில் மாதம் அரை லிட்டர் எஞ்சுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 6 லிட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டி அதனைக் கொண்டு 60 கிலோமீட்டர் செல்லும். தருமபுரியிலிருந்து சேலம் சென்று சேர்வதற்கே அது போதாது; திரும்புவது எப்படி? ஓராண்டில் நம் அடுப்பு மிச்சம் வைத்தது ஒரு நாளின் பாதிப் பயணத்திற்குக்கூட ஈடாகவில்லை.

இக்கணக்கே நம்மைத் திக்குவிரதத்தினிடம் கொண்டுவந்து நிறுத்துகிறது. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் குணவிரதங்களை வகுக்கும்போது, திசைகளுக்கு எல்லை கட்டுவதை முதலில் வைத்தார். எல்லைக்கு அப்பால் செல்லாதவன் அங்குள்ள உயிர்களுக்கு ஊறு செய்யாதவன் ஆகிறான். எரிபொருளை மாற்றுபவர் ஒவ்வொரு கிலோமீட்டரின் ஹிம்சையையும் சிறிது குறைக்கிறார். ஓடாத கிலோமீட்டரிலோ அது அறவே இல்லை. தாவர எண்ணெய்தானே என்று மனம் தேறி, முன்னிலும் மிகுதியாக ஓட்டத் தொடங்கினால், பெற்ற சிறு நன்மையும் போய்விடும்.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் கூறும் விடை இது: உங்கள் எண்ணம் நல்லது; அதனை முழுமையாக்குங்கள். பழைய எந்திரத்தை அறுத்து மாற்ற வேண்டா. முறையாக விற்கப்படும் தரமான பயோடீசல் கலவை கிடைக்குமாயின், மெக்கானிக்கின் அறிவுரையோடு அளவாகப் பயன்படுத்துங்கள். அதற்கு முன், வேனின் ஓட்டக் குறிப்பேட்டைத் திறந்து, சென்ற ஆண்டின் பயணங்களில் தவிர்த்திருக்கக்கூடியவற்றை எண்ணுங்கள். திருமலைக்கு மூன்று முறை பாதி இருக்கையோடு சென்றதை ஒரு முறை நிறைவாகச் சென்றதாக மாற்றுங்கள். ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எல்லை கட்டி, அதனைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி, குடும்பத்தார் அனைவரும் கையொப்பம் இடுங்கள். அக்கையொப்பமே நம் வேனுக்கு நாம் செய்யும் முதல் மாற்றமாக இருக்கட்டும்.