கண்ணை நம்ப முடியாத தொழில்

மணிமேகலையில், சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், பூதவாதி ஒருவன் வருகிறான். கண்ணால் கண்டதே மெய், அனுமானத்தை ஏற்க முடியாது என்பது அவன் கட்சி. உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள். அவனை இன்று ஒரு கிரில் பட்டறையில் நிறுத்தினால் தாய் தந்தை வரைக்கும் போகவே வேண்டாம். வெல்டிங் அங்கேயே அவனுக்குப் பதில் சொல்லிவிடும்.

புதிதாகச் சேர்ந்த பையன் இரும்புக் கேட்டின் மூலையில் டேக் (தற்காலிகப் பற்று) வைப்பதைக் கவனித்தால் இது விளங்கும். இடது கை சதுரக் குழாயைப் பிடித்திருக்கிறது. வலது கையில் ஹோல்டர். ஷீல்டைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக்கிக்கொண்டு ராடைத் தட்டுகிறான். பற்றியதா என்று ஒரு கணம் எட்டிப் பார்க்கிறான். வலி ஏதும் இல்லை. வேலை முடிந்து, சாப்பிட்டு, படுக்கிறான். நள்ளிரவில் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் உறுத்துகிறது, தண்ணீராகக் கொட்டுகிறது, இமையைத் திறக்க முடியவில்லை. ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டுவிட்டது. அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதன் வேதனை பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே வரும்.

பெரும்பாலும் இரண்டொரு நாளில் கண் தேறிவிடுகிறது. ஆபத்தே இங்கேதான் தொடங்குகிறது. ‘இவ்வளவுதானா’ என்று அவனுடைய அனுபவமே அவனுக்குத் தவறான பாடம் சொல்லித் தருகிறது.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைப் பற்றவைத்தால் எழும் வெள்ளைப் புகையும் இப்படித்தான். துத்தநாகப் புகை சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். மறுநாள் பெரும்பாலும் இறங்கிவிடும். இதைவிட மெதுவானதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் வரிசையில் சேர்த்தது. அந்த விளைவு வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். பட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று இருப்பவருக்கு, தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

சைவ சித்தாந்தம் காண்டல், கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்று மூன்று அளவைகளை முதன்மையாகக் கொள்கிறது. காண்டல் பயன்படாத, கருதிப் பார்க்கக் காரணமும் தெரியாத இடத்தில் உரையைத்தான் பற்ற வேண்டும். ஆனால் யாருடைய உரை? நியாய சூத்திரத்துக்கு விளக்கம் எழுதிய வாத்ஸ்யாயனர் இதற்குத் துணிச்சலான பதில் வைத்திருக்கிறார். பொருளை நேராக அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புபவர் நம்பத்தக்கவர். அவர் ரிஷியாக இருந்தாலும் மிலேச்சராக இருந்தாலும் இலக்கணம் ஒன்றே. அந்த அளவுகோலில் நல்ல பட்டறை மாஸ்டர் தேறிவிடுவார். அதே மாஸ்டர் ‘பால் குடித்தால் புகை ஒன்றும் செய்யாது’ என்னும்போது தேற மாட்டார். நுரையீரலுக்குப் போன புகையை வயிற்றுக்குப் போகும் பால் தடுக்காது.

ஆகவே உரை மட்டும் போதாது. அதோடு காரணமும் வர வேண்டும். காலி டீசல் டிரம்மைத் தொடாதே என்று மட்டும் சொன்னால், பையன் டிரம்மை மட்டும் விட்டுவிடுவான். உள்ளே தங்கிய ஆவி தீப்பொறி பட்டதும் வெடிக்கும் என்று சொன்னால், நாளை பழைய பெட்ரோல் டேங்க் வரும்போதும் தானாகவே கையை எடுத்துக்கொள்வான். உரை கருதலாக மாறும் இடம் அது. காரணம் சொல்லாத கண்டிப்பு பாதிக் கல்விதான்.

பட்டறை வைத்திருப்பவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. புதுப் பையனுக்கு முதல் நாளே தலையில் மாட்டும் ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். சாதாரண ராடு வேலைக்கு 10 அல்லது 11ஆம் எண் கண்ணாடி சரியாக இருக்கும். ‘ஏன்ணே?’ என்று அவன் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.