நோயும் வினையும்

உலகில் 5 பேரில் ஒருவர் தம் ஆயுட்காலத்தில் புற்றுநோய்க்கு ஆளாகிறார் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் கணித்திருக்கிறது. இத்துணைச் சாதாரணமாக நிகழும் ஒன்றை நம்மில் பலர் பூர்வஜன்ம பாபத்தின் தண்டனை என்று பேசுவதும், நோயுற்றவரும் அதை நம்பித் தம்மையே நொந்துகொள்வதும் நியாயந்தானா என்பது ஆராயத்தக்கது.

1886இல் ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் தொண்டைப் புற்றினாலும், 1950இல் ரமண மகரிஷி இடக்கையில் தோன்றிய புற்றுக்கட்டியினாலும் தேகத்தை நீத்தார்கள். நோயின் அளவே பாபத்தின் அளவென்று கொள்வோமாயின், இம்மகான்களை எந்த வரிசையில் வைப்பது? அடியார்களின் வினையைத் தாமே ஏற்றுத் துன்புற்றார்கள் என்று சமாதானம் கூறுவோர் உளர். அதை ஒப்புக்கொண்டாலும், ஒருவரது நோயைக் கொண்டு அவரது வினையை அளக்க இயலாதென்பதே உறுதிப்படுகிறது.

உயிரணுக்கள் இடையறாது பிரிந்து பெருகுகையில் பிழைகள் நேர்வதும், வயது ஏற ஏற அவை சேர்வதும் தேகத்தின் இயல்பு; புகையிலை போன்றவை அவற்றை மிகுவிக்கின்றன. காரண காரியத் தொடர்ச்சி என்ற பொருளில் இதனையும் கர்மம் எனலாம். ஆயினும் காரணம் வேறு, குற்றம் வேறு.

தன் துன்பத்தைப் பொறுப்பதற்கு வினைக்கொள்கை ஒருவனுக்குத் துணையாகலாம். பிறர் துன்பத்துக்குத் தீர்ப்புக் கூற அது கருவியாகலாகாது. சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் அந்நோய்க்கென மருத்துவ நிலையம் கண்டார். பிறர் நோய்க்கு முன் நமக்கு விதிக்கப்பட்ட தர்மம் அத்தகைய தொண்டு ஒன்றே.