சுனை எதற்காக?

நார்த்தாமலையின் மேலமலையில் இயற்கையான சுனையும் விஜயாலய சோழீச்சரம் என்ற கோயிலும் அருகருகே இருக்கின்றன. இரண்டையும் பார்க்கிற குழந்தை, “இது எதுக்கு?” என்று ஒரே கேள்வியைத்தான் கேட்கும். கோயிலுக்கு அந்தக் கேள்வி பொருந்தும், சுனைக்குப் பொருந்தாது. ஆனால் பறவைகள் தண்ணீர் குடிக்கத்தான் சுனை என்று நாம் வாய்கூசாமல் சொல்லிவிடுகிறோம். கூரான பாறைகள் விலங்குகள் சொறிந்துகொள்ளவே அப்படி இருக்கின்றன என்ற விளக்கம் குழந்தைகளுக்குப் பிடித்துப்போவதை உளவியலாளர் டெபோரா கெலமன் 1999இல் எழுதினார். இயல்பாகவே அந்தப் பக்கம் சாயும் மனத்தை நாமும் தள்ளிவிட வேண்டுமா? சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்பார்கள். மழைநீர் தேங்குகிறது, பறவை வந்து குடிக்கிறது. இப்படிச் சொன்னால் நுணுக்கமும் இல்லை, பொய்யும் இல்லை.

மனிதர் செய்த பொருளுக்கு வரும்போது, பயனைச் சொல்வதோடு நிற்கக் கூடாது. வேறு மாதிரி செய்திருந்தால் என்ன கெடும் என்று கேட்க வைக்க வேண்டும். நார்த்தாமலை இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக் குளங்களில் உள்ள குமிழித் தூம்பு அதற்கு நல்ல பாடம். இரண்டு கல்தூண்கள் கரையை விட்டு விலகி, நீருக்குள் நிற்கும். அவற்றின் அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளைகள். மேல் துளையின் அடைப்பைத் தூக்கினால் நீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் போகும் கால்வாய் வழியே வயலுக்குப் பாயும். அந்த இழுப்பில் அடிச்சேறும் கூடவே போகும். சேறோடி இல்லாவிட்டால்? தூம்பு கரையை ஒட்டியே இருந்தால்? வண்டலும் கரை அரிப்பும் குழந்தையின் வாயிலிருந்தே வந்துவிடும். எப்போதாவது வராமலும் போகும், பரவாயில்லை.

எல்லாவற்றையும் பயனால் அளந்தால் அழகு என்னாவது என்ற மறுப்புக்கு வலு உண்டு. சோழீச்சரத்தில் சதுரச் சுவருக்குள் வட்டக் கருவறை இருக்கிறது. இடையில் சுற்றிவர வழி விட்டிருப்பதற்குப் பயன் சொல்லலாம், வட்டத்துக்குச் சொல்ல முடியாது. கட்டியவர்களுக்கு அது பிடித்திருந்தது என்பதும் ஒரு காரணம்தான், அதையும் காரணமாகவே சொல்லலாம். சாத்தன் பூதி எடுப்பித்த இந்தக் கற்றளி மழையில் சிதைந்தபோது மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்தான் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. நோக்கத்தோடு செய்ததும் தோற்கும், திருத்தப்படும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட அந்தச் செய்தியே போதும். சுனையைத் திருத்த யாரும் வர வேண்டியிருக்கவில்லை.